டிரைவருக்கு வாய் அதிகம்

ஷிபுவுக்கு வாய் மூடாது. அது அவனைப் பெற்றவர்கள் பாடு என்று விட்டிருப்பேன். ஆனால் அவன் எழுதிய டிரைவருக்கும் வாய் மூடவில்லை. அந்தப் பாடு என் தலையில் வந்து விழுந்தது.

டிரைவர் என்றதும் பனச்சமூடு ஜங்ஷனில் ஆட்டோவுக்குள் சாய்ந்து கிடக்கிறவர்களை நினைக்க வேண்டாம். இது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற டிரைவர். கம்ப்யூட்டரில் ஒரு கார்டைச் சொருகி, அதில் கேபிளை மாட்டி, இன்னொரு கம்ப்யூட்டரோடு பேச வைக்கிறோம் அல்லவா, அந்தக் கார்டை வேலை வாங்குகிற புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். கேபிள் வழியாக எல்லாம் சின்னச் சின்னப் பொட்டலமாகத்தான் வரும், போகும். வருகிறதை வாங்கி உள்ளே கொடுக்க வேண்டும், உள்ளே இருப்பதை வாங்கி வெளியே அனுப்ப வேண்டும். இதற்கு வாய் எதற்கு?

ஷிபுவின் டிரைவர் வாயைத் திறக்காமல் ஒரு பொட்டலத்தைத் தொடாது. தான் செய்ததையெல்லாம் புரோகிராம் எழுதிவைக்கிற ஃபைலை லாக் என்பார்கள். ஒரு பொட்டலம் வந்தால் 'ஒரு ஆளு வந்தாச்சு' என்று லாகில் ஒரு வரி. பிறகு 'கேறி இருந்தாச்சு'. பிறகு 'உள்ள விட்டாச்சு'. பிறகு 'இனி அடுத்த ஆளு வரட்டு'. எல்லாம் ஆங்கில எழுத்தில் எங்கள் ஊர்ப் பேச்சு; கேறுவது என்றால் ஏறுவது. கண் மூடித் திறப்பதற்குள் நூற்றுக்கணக்கில் பொட்டலம் வருகிற இடத்தில், ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு வரவேற்பு.

"எலே, கல்யாண வீட்டு வாசல்ல நின்னு ஆளு எண்ணுதியா?" என்று கேட்டேன்.

"சொல்லாம கொள்ளாம ஒருத்தன் வீட்டுக்குள்ள கேறலாமா ஜினி? நம்ம ஊருல அப்பிடி உண்டுமா?"

இல்லைதான். எங்கள் ஊரில் ஒருவர் குளிக்கப் போனால்கூட மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "குளிச்சிட்டு வாறேன்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போவார். திரும்பி வந்ததும் "குளிச்சாச்சு" என்பார். கேட்டவர் "செரி" என்பார். ஷிபு அந்த மண்ணில் முளைத்தவன். நானும் அங்கேயே முளைத்தவள்தான், ஆனால் என் வீட்டில் எனக்கு வெட்டுக்கத்தி என்று பெயர். என்னோடு பேச வருகிறவர்கள் நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் பேசுவார்கள்.

அது தொண்ணூற்றெட்டு. கர்க்கடகம் என்கிற எங்கள் ஆடி மாதத்து மழை. ஷிபுவின் அப்பா கிருஷ்ணன்குட்டிக்குப் பனச்சமூட்டில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற கடை. அதன் மாடி அறைதான் எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் ஷிபு, நான், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன். கீழே கடையில் பில் போட இன்னொரு கம்ப்யூட்டர் இருந்தது. மாடி ஜன்னல் வழியாகப் பின்பக்கத்துச் சுவரோரமாக ஒரு கறுப்புக் கேபிளை இறக்கி அதையும் எங்களோடு இணைத்திருந்தோம்.

ஷிபுவும் நானும் நெய்யாற்றின்கரையில் ஒன்றாகப் படித்தோம். படித்து முடித்ததும் கூட இருந்தவர்களெல்லாம் பெங்களூருக்கும் மெட்ராசுக்கும் ரயில் ஏறினார்கள். எனக்கு ஊரை விட்டுப் போகப் பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது, பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் இந்த வேலை பிடித்திருந்தது. ஒரு முரட்டுக் கார்டுக்குக் கட்டளை கொடுத்து, அது முதல்தடவை சொன்னபடி கேட்கும்போது வருகிற சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை. ஊரும் வேண்டும், இந்த வேலையும் வேண்டும் என்றால், அந்த ரப்பர் நாற்றம் பிடித்த மாடி அறையை விட்டால் எனக்கு வேறு இடம் இல்லை.

அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது. ஒருநாள் கிருஷ்ணன்குட்டி மாமா மாடி ஏறி வந்தார். ஃபேனைப் பார்த்தார். மழையைப் பார்த்தார். என் அம்மாவின் முட்டுவலியை விசாரித்தார். பிறகு, "நம்ம ஆனந்தபாய்க்கு தையல் கிளாஸ் நடத்த ஒரு ரூம் வேணுமாம். அவளுக்க வீட்டு வராந்தா முழுக்க ஒழுகுது. பாவம். ஓணம் கழிஞ்சா புதுசா பிள்ளைய சேருமாம். நான் ஒண்ணும் சொல்லல்ல கேட்டியா மக்கா" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

"அப்பா சொல்லியாச்சு" என்றான் ஷிபு.

எனக்கும் புரிந்தது. ஓணத்துக்குள் ஒரு ஆர்டர் வராவிட்டால் நாங்கள் இறங்க வேண்டும். மறுநாளே ஆனந்தபாய் அக்கா இஞ்ச் டேப்போடு வந்தாள். "நீங்க இருங்க மோளே, இருந்து வேல செய்யுங்க. நான் சும்மா ஒண்ணு அளந்துட்டுப் போறேன்" என்று சொல்லி, என் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து, தன்னுடைய நாலு தையல் மெஷினுக்கும் இடம் அளந்தாள். அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை. அவ்வளவு மரியாதையாக அளந்தாள்.

ஆர்டர் வர வேண்டியது பெங்களூரிலிருந்து. அங்கே நெட்வொர்க் கார்டு செய்கிற ஒரு கம்பெனி, கார்டோடு சேர்த்துக் கொடுக்க டிரைவர் கேட்டிருந்தது. ஷிபு எழுதி அனுப்பினான். பதில் ஜங்ஷன் எஸ்.டி.டி. பூத்துக்கு ஃபேக்ஸாக வந்தது. டிரைவர் நன்றாக ஓடுகிறது, ஒரு பொட்டலமும் தொலையவில்லை, ஆனால் பேச்சுத் தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

அவர்கள் செய்தது இதுதான். லாகை அதே மெஷினில் வைக்காமல், கேபிள் வழியாகப் பக்கத்து மெஷினுக்கு அனுப்பிச் சேர்த்திருக்கிறார்கள். டிரைவர் ஒரு பொட்டலத்தை அனுப்பிவிட்டு 'ஒரு ஆளு போயாச்சு' என்று எழுதும். அந்த வரி ஒரு பொட்டலமாகிப் பக்கத்து மெஷினுக்குப் போகும். பொட்டலம் போயிற்றல்லவா? அதற்கும் 'ஒரு ஆளு போயாச்சு'. அந்த வரியும் பொட்டலமாகிப் போகும். அதற்கும் ஒன்று. யாரும் எதையும் அனுப்பாமலே, போனதைச் சொல்லப் போய், சொல்லப் போனதைச் சொல்லப் போய், ஹார்டு டிஸ்க் நிரம்பி மெஷின் நின்றுபோகும்வரை பேச்சு ஓயவில்லை.

நான் சிரித்த சிரிப்பில் பூத்துக்காரர் வெளியே வந்து பார்த்தார். கடைசி வரியைப் படித்ததும் சிரிப்பு நின்றது. வியாழக்கிழமை கோதண்டராமன் என்கிற இன்ஜினியர் நேரில் வருவார், தேவையில்லாத பேச்சு போயிருந்தால் ஆர்டர், இல்லையென்றால் இல்லை.

அன்றே உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தோம். ஒவ்வொரு வரிக்கும் ஒரு சண்டை.

"'கேறி இருந்தாச்சு' வேண்டாம்" என்றேன்.

"செரி, அது போட்டு. 'வந்தாச்சு' கெடக்கட்டு."

"எதுக்கு?"

"வந்த ஆளுக்கு ஒரு மரியாத வேண்டாமா?"

"பொட்டலத்துக்கு என்னலே மரியாத? வந்தா வரட்டு. வரல்லங்கில் மட்டும் சொல்லு, போதும்."

"நீ கெட்டிப் போற வீட்டுல உனக்க மாமியாரு ஒரு மாசம் தாங்க மாட்டா ஜினி. பேச்சுத் தொண கெடைக்காம போயிருவா."

புதன்கிழமை அவனுக்கு அதியன்னூரில் சித்தப்பா மகள் கல்யாணம். "போயிட்டு வாறேன்" என்றான். படியில் நின்று, "செருப்பு இட்டாச்சு" என்றான். ரோட்டிலிருந்து, "பஸ் வருது, கேறப் போறேன்" என்று கத்தினான். பஸ் போனது. அதற்குப் பிறகு அறையில் வந்த அமைதி இருக்கிறதே, அடடா!

அந்த அமைதியில் நான் வெறி பிடித்தவள்போல வெட்டினேன். மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் களை பிடுங்குகிற மாதிரி, கைக்கு வந்ததையெல்லாம் பிடுங்கினேன். 'ஆளு கொறவு, சாயா குடிச்சிட்டு வாறேன்' என்று ஒன்று. 'இண்ணு நல்ல தெரக்கு', கூட்டமாம், என்று ஒன்று. கடைசிப் பக்கங்களில், 'ஒண்ணும் இல்ல, பேடிக்காண்டாம்', பயப்பட வேண்டாம், என்று ஒன்று இருந்தது. சவமே, ஒன்றும் இல்லையென்றால் பிறகு எதற்கு வாயைத் திறக்கிறாய்? அது எந்த இடத்தில் நிற்கிறது என்றுகூட மேலே கீழே பார்க்கவில்லை. பிடுங்கி எறிந்தேன். சாயங்காலம் ஓட்டிப் பார்த்தால், பொட்டலங்கள் ஆறாகப் போகின்றன, லாகில் ஒரு எழுத்து இல்லை. எனக்கு நானே கைகொடுத்துக்கொள்ளாத குறை.

கோதண்டராமன் நல்ல மழையில் வந்து சேர்ந்தார். மெட்ராஸ்காரர், பெங்களூரில் பல வருஷம். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ரப்பர் அடுக்குகளைத் தாண்டி மாடி ஏறினார். பெரிய ஃபைல்கள் நிறைந்த ஒரு சிடியைக் கொடுத்து, மாடியிலிருந்து கடைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினோம். ஒரு குறையும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. லாகைத் திறந்தார். வெறும் தாள்.

"அப்பாடா! இதுதாங்க நெட்வொர்க். இப்பதான் காதுக்கு நிம்மதியா இருக்கு" என்றார்.

"சும்மா இருந்தா எல்லாம் சரியா நடக்குதுன்னு அர்த்தம் சார். எதாவது கெட்டுப்போனா மட்டும்தான் சொல்லும்" என்றேன். ஷிபுவைத் திரும்பிப் பார்த்து வேறு சொன்னேன். அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். அவனுடைய டிரைவருக்குப் பேச்சு வராமல் போனது அவனுக்குத் துக்கம்.

ஷிபுவின் அம்மா பிரேமகுமாரி மாமி, வந்தவர் மீன் சாப்பிடமாட்டார் என்று தெரிந்ததும் அவியலும் புளிசேரியும் வைத்திருந்தாள். கடைக்குப் பின்னாலிருக்கிற வீட்டில் சாப்பிட்டோம். கோதண்டராமன் இரண்டாம்முறை சோறு வாங்கினார். ஆர்டர் கிடைத்த மாதிரிதான் என்று எனக்குத் தோன்றியது. கை கழுவிவிட்டு, "இன்னொரு தடவை பார்த்துட்டுக் கிளம்பறேன், அஞ்சு மணிக்கு நெய்யாற்றின்கரையில ரயில்" என்றார்.

அந்த இன்னொரு தடவை போகவில்லை. ஃபைல் பாதி வழியில் நின்றது. மறுபடி அனுப்பினோம். கொஞ்சம் நகர்ந்தது, நின்றது. பிறகு நகரவே இல்லை. லாகைத் திறந்தோம். காலையில் இருந்த அதே வெறும் தாள்.

"சும்மா இருந்தா எல்லாம் சரின்னு சொன்னீங்களே" என்றார் கோதண்டராமன்.

 ஷிபு மெஷினின் மூடியைக் கழற்றினான். கார்டைப் பிடுங்கித் துடைத்துச் சொருகினான். கார்டை மாற்றிப் பார்த்தான். நான் வெட்டிய வரிகளோடு வேறு எதையாவது சேர்த்து வெட்டிவிட்டேனா என்று புரோகிராம் முழுவதையும் மேலிருந்து கீழே படித்தேன். எல்லாம் இடத்தில்தான் இருந்தது. கோதண்டராமன் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். கிருஷ்ணன்குட்டி மாமா படி பாதியில் வந்து நின்று, ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனார். அவர் கேட்காததே எனக்கு நெஞ்சில் குத்தியது.

"கேபிளப் பாத்தியா?" என்றேன்.

"கேபிளுக்கு ஒண்ணும் இல்ல" என்றான் ஷிபு. "கேபிள் விட்டுப்போனா டிரைவரு சொல்லும்லா. சொல்லல்ல. அப்பம் கேபிள் நல்லாத்தான் கெடக்கு."

"என்னலே சொல்லும்?"

அவன் கோதண்டராமனை ஒருமுறை பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "'ஒண்ணும் இல்ல, பேடிக்காண்டாம்'னு சொல்லும்" என்றான்.

நேற்று நான் பிடுங்கி எறிந்த அதே வரி.

எங்கள் ஊரில் கெட்ட செய்தியை யாரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். என் பெரியப்பா தென்னையிலிருந்து விழுந்த அன்று, சொல்ல வந்த மனிதர் எங்கள் முற்றத்தில் நின்று முதலில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். மரச்சீனி நன்றாக விளைந்திருக்கிறது என்றார். பிறகு, "ஒண்ணும் இல்ல, பேடிக்காண்டாம், ஆம்பிளைய ஆராவது ஒருத்தர் எனக்க கூட வாருங்கோ" என்றார். 'ஒண்ணும் இல்ல' என்றதுமே என் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். ஏதாவது இருந்தால் என்ன என்று சொல்வார்கள். எல்லாம் போய்விட்டால்தான் ஒன்றும் இல்லை என்பார்கள். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். இந்த மண்ணில் வளர்ந்த எனக்கு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் மட்டும் எப்படி மறந்துபோனது என்று தெரியவில்லை. ஷிபு மறக்கவில்லை. டிரைவர் சொல்ல வேண்டிய செய்திகளிலேயே ஆகப் பெரிய துக்கச் செய்தியை, அதற்குரிய மரியாதையோடு எழுதியிருந்தான்.

"எலே, அத நான் வெட்டியாச்சு" என்றேன்.

"எனக்க ஜினி!" என்று தலையில் கைவைத்தான் ஷிபு. "சாயாக்கடைப் பேச்ச வெட்டினா போதும்லா, சாவுச் செய்தியையுமா வெட்டுவ?"

மூன்று பேரும் பின்பக்கம் ஓடினோம். மழை விட்டிருந்தது. கேபிள் போகிற சுவரோரத்தில் கேபிளைக் காணவில்லை. அந்த இடத்தில் வரிசையாக ரப்பர் ஷீட்டுகள் தொங்கின. கடையில் வேலை செய்கிற பொன்னையன் அண்ணன் கடைசி ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதைத் தொங்கவிட இடம் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் வாங்கிய ஷீட்டெல்லாம் ஈரம், கொடிகளில் இடம் இல்லை, நல்ல உறுதியான கறுப்புக் கயிறு ஒன்று சும்மா கிடக்கிறது, பாவம் மனிதர் வேறு என்ன செய்வார்? பாரம் இழுத்த இழுப்பில் ஜன்னலோரத்துக் கனெக்டர் கழன்று பாதி வெளியே வந்து நின்றது.

"கயிறு பலந்தான், அறுந்துபோவாது" என்று எங்களைப் பார்த்துத் தைரியம் சொன்னார் பொன்னையன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை ஒன்றும் சொல்ல முடியவில்லை, தப்பு என்னுடையது. ஷீட்டுகளை எடுத்தோம். கனெக்டரை அழுத்தித் திருகினேன். மாடிக்கு ஓடிப் போய் அனுப்பினால், ஃபைல் ஒன்றுமே நடக்காததுபோலப் போய்ச் சேர்ந்தது.

கோதண்டராமனிடம் நடந்ததைச் சொன்னேன். பெரியப்பா விழுந்ததிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்.

"ஏங்க, ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்லைதானே? எங்க ஊர்ல அதுக்கு அவ்வளவுதான் அர்த்தம்" என்றார். "கேபிள் கழண்டுபோச்சுன்னு நேரா எழுதினா என்ன?"

"நேரா எப்பிடி சார்?" என்றான் ஷிபு. நிஜமாகவே அதிர்ந்துபோயிருந்தான். "முகத்துல அடிச்ச மாதிரி இருக்காதா? வாசிக்கியவங்களுக்கு ஒரு தைரியம் வேண்டாமா?"

"வாசிக்கறவன் எழுந்து போய் கேபிளைச் சொருகணும்ங்க. அவனுக்கு எதுக்குத் தைரியம்?"

நான் உட்கார்ந்து, அந்த ஒரு வரியை மட்டும் திரும்ப அதன் இடத்தில் வைத்தேன். கேபிள் கழன்றிருக்கிறது, போய்ப் பார் என்று ஆங்கிலத்தில், வளைக்காமல் எழுதினேன். ஷிபு பக்கத்தில் நின்று, "'தயவுசெய்து'ன்னாவது ஒண்ணு போடு" என்று கெஞ்சினான். போடவில்லை. ஒருமுறை கழன்றால் ஒரே முறைதான் சொல்ல வேண்டும், திரும்பச் சொருகும்வரை சொன்னதையே சொல்லக் கூடாது என்று அதையும் சேர்த்துக் கட்டினேன்.

"இப்ப பார்க்கலாம்" என்று கோதண்டராமன் தானே பின்பக்கம் போனார். பொன்னையன் கையிலிருந்து ஒரு ஈர ஷீட்டை வாங்கி, சட்டையில் படாமல் கையை நீட்டிப் பிடித்துக் கேபிள்மேல் போட்டார்.

"அப்பிடி இல்ல சாறே, நடுவ மடக்கி இடணும், இல்லங்கில் வழுகும்" என்று பொன்னையன் சொல்லிக்கொடுத்தார். கோதண்டராமன் நடுவே மடக்கிப் போட்டார். இன்னொன்று போட்டார். மூன்றாவது ஷீட்டில் கனெக்டர் கழன்றது. நான் மாடி ஜன்னலிலிருந்து, "சொல்லியாச்சு சார்!" என்று கத்தினேன். அவர் மேலே வந்து, லாகில் தனியாக நின்ற அந்த ஒரு வரியைக் குனிந்து பார்த்தார். ஒரு வரி, ஒரே ஒரு வரி. சட்டையில் ரப்பர் பால் அப்பியிருந்ததை அவர் அப்போது கவனிக்கவில்லை. மறுபடி இறங்கிப் போய் ஷீட்டை எடுத்துவிட்டு, கனெக்டரைச் சொருகச் சொல்லிவிட்டு, திரும்பவும் போட்டுப் பார்த்தார். அவருக்கு அதில் ஒரு ருசி பிடித்துவிட்டது என்று தோன்றியது.

எல்லாம் முடிந்து உட்கார்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"டிரைவர் நல்லா இருக்கு. அதுல சந்தேகம் இல்லை" என்றார். "ஆனா ஆர்டரை இந்த அட்ரஸுக்கு எப்படிங்க போடறது? எங்க மேனேஜர் ஆபீஸ் எங்கேன்னு கேட்பார். ரப்பர் கடை மாடின்னு சொல்ல முடியுமா? நீங்க ரெண்டு பேரும் பெங்களூர் வந்துடுங்க. எங்க கம்பெனியிலேயே வேலை. நல்ல சம்பளம். என்ன சொல்றீங்க?"

ஷிபு என்னைப் பார்த்தான். பிறகு நன்றாகச் சிரித்துக்கொண்டு, "ஆலோசிச்சு சொல்லுதோம் சார்" என்றான்.

எங்கள் ஊரில் அதற்கு மாட்டோம் என்று அர்த்தம். ஆனால் கோதண்டராமன் அதைக் கேட்டு மலர்ந்துபோய் என் பக்கம் கையை நீட்டினார். அவர் ஊரில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம் போலிருக்கிறது! நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்தால், இவர் சந்தோஷமாக ரயிலேறிப் போய் இரண்டு பேரும் வருகிறார்கள் என்று மேனேஜரிடம் சொல்வார். ஆர்டரும் போகும், அறையும் போகும். 

"வரமாட்டோம் சார்" என்றேன்.

 ஷிபு, அவன் முன்னால் நான் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதுபோல விழித்தான்.

"ஏன்?" என்றார் கோதண்டராமன்.

"எனக்கு இங்கதான் இருக்கணும். இங்க இருந்து இந்த வேலையைத்தான் செய்யணும். ஆர்டர் வரல்லங்கில் இந்த ரூம் போயிரும். அதை உங்ககிட்ட யாரும் சொல்லமாட்டாங்க, நானே சொல்லுதேன்." குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டேன். "ரப்பர் கடைன்னு சொல்லுதீங்க. ரப்பர் ஷீட்டு தொங்கினா எங்க டிரைவர் சொல்லுது, நீங்களே தொங்கவிட்டுப் பாத்தீங்க. உங்க பெங்களூர் ஆபீஸ்ல ஒருத்தர் நாற்காலியைக் கேபிள்மேல இழுத்தா, இப்ப அங்க ஓடுற டிரைவர் சொல்லுமா?"

அவர் கையில் ஒட்டியிருந்த ரப்பரை உருட்டி உருட்டி எடுத்துக்கொண்டிருந்தார். 

"சொல்லாது" என்றார் கடைசியில். "போன மாசம் அப்படித்தான் ஒரு முழு நாள் தேடினோம்." பையைத் திறந்து கம்பெனித் தாளை எடுத்தார். முதல் தவணைக் கார்டுகளுக்கு டிரைவர் எங்களுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அட்ரஸ் எழுதுகிற இடத்தில் பேனாவை நிறுத்தி, "கடைப் பேர் என்ன?" என்று கேட்டார். படியிலிருந்து கிருஷ்ணன்குட்டி மாமா உரக்கப் பதில் சொன்னார். இவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றிருக்கிறார்.

கோதண்டராமனை ஆட்டோவில் ஏற்றிவிட்டு ஷிபு ஜங்ஷனெல்லாம் சொல்லப் போய்விட்டான். நான் மாடியில் தனியாக நின்று ஒரு ஆட்டம்கூட ஆடினேன். அப்போது மாமா மேலே வந்து ஃபேனைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"மக்கா, ஆனந்தபாய்ட்ட நீ ஒண்ணு போய் சொல்லிரு. நீ நல்லா வெட்டொண்ணு துண்டு ரெண்டா சொல்லுத. எனக்கு அவளுக்க முகத்தப் பாத்தா வராது" என்றார்.

இதென்ன பெரிய வேலை என்று கிளம்பினேன். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் அவள் வீடு. வராந்தாவில் நாலு தையல் மெஷினும் தார்ப்பாய்க்குக் கீழே நெருக்கியடித்து நின்றன. தார்ப்பாயிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்குப் பாத்திரம் வைத்திருந்தது. படிக்கிற பெண்கள் காலைத் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டு தைத்தார்கள். ஆனந்தபாய் அக்கா ஒரு துணியை ஈரம் படாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

"வா மோளே" என்றாள்.

ரூம் உங்களுக்கு இல்லை அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. என் அம்மாவுக்கு முட்டுவலி குறைவு என்று சொன்னேன். மழை விட்டமாதிரி இருக்கிறது என்று சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். "ரூம் இல்ல, அப்பிடித்தான?" என்றாள். "பரவாயில்ல மோளே. ஆர்டர் கெடச்சுல்லா? அந்தப் பய ஜங்ஷன்ல நின்னு விளிச்சுச் சொன்னத நானும் கேட்டேன். உக்காரு, சாயா குடிச்சிட்டுப் போ."

எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்குப் பூரா நான் வென்றதெல்லாம் அந்தப் பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாக விழுவதுபோல இருந்தது. மாமாவைக் கேட்கவில்லை, ஷிபுவைக் கேட்கவில்லை, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அந்த ரூம்ல பாதி நீங்க எடுத்துக்கிடுங்க. எங்களுக்கு ரெண்டு மேச தான், ஜன்னல் பக்கமா ஒதுங்கிக்கிடுதோம்."

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். பிறகு அவளுக்கே உரிய மரியாதையோடு தயங்கினாள். "அது செரியாவாது மோளே. உங்களுக்குப் புத்தி வச்சுச் செய்யிய வேல. இது நாலு மெஷினும் ஒண்ணா ஓடிச்சுன்னா காதுக்குப் பக்கத்துல நின்னு ஷிபு பேசினாலும் உனக்குக் கேக்காது."

நான் சாயா டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நாளைக்கே வாருங்கோ அக்கா" என்றேன்.